கண்புரையும் கருப்புக் கண்ணாடியும்

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட வெல்டர் மறுபடியும் வெல்டிங் பிடிக்கலாமா? "பிடிக்கலாம்" என்பதுதான் இன்றைய பதில். டாக்டரைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். ஆனால் இதே கேள்வியை 1965-இல் கேட்டிருந்தால் பதில் வேறு, 1980-இல் கேட்டிருந்தால் இன்னும் வேறு. இன்றைக்குச் சொல்லும் "பிடிக்கலாம்"-இலும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத் தேடிப்போன குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

கேள்வி என்னிடம் வந்தது மந்தைவெளியில் ஒரு கிரில் பட்டறையிலிருந்து. பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. வலது கண்ணில் லென்ஸ் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "சார், தூரத்துல வர்ற பஸ்ஸு நம்பரு பளிச்சுனு தெரியுது. ஆனா கையில இருக்கற ராடு முனை தெரிய மாட்டேங்குது. ஆபரேஷனுக்கு முன்னாடி கிட்டத்துல நல்லாத்தான் தெரிஞ்சுது. அதான் புரியல" என்றார். பக்கத்துப் பட்டறைக்காரர் வேறு, "வெல்டிங் சூட்டுல உள்ள இருக்கற பிளாஸ்டிக் உருகிடும்ணே" என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்.

உருகுமா என்ற பயத்துக்குப் பதில் சுலபம். கிட்டத்தில் ஏன் தெரியவில்லை என்பதுதான் பெரிய விஷயம். அங்கே போவதற்கு முன்னால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உண்மையில் என்னென்ன வேலை பார்க்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, ஒளியைக் குவித்து விழித்திரையில் விழவைப்பது. இன்னொரு வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த லென்ஸ் ஒரு வடிகட்டி. சூரிய வெளிச்சத்திலும் வெல்டிங் வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைக் கண்ணின் முன்பக்கத்துக் கருவிழிப் படலமே தடுத்துவிடும். பாதுகாப்பில்லாமல் ஆர்க்கைப் பார்த்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிகிறதே, அது இந்தப் படலம் வெந்து போவதால் வருவது. (அதற்குத் தாய்ப்பால் விடுவதும் உருளைக்கிழங்கு வெட்டி வைப்பதும் நம் பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.) படலத்தைத் தாண்டி உள்ளே வருகிற 300-லிருந்து 400 வரையிலான புற ஊதாவை லென்ஸ் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. விழித்திரைவரை மிகக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். ஆக, வெல்டர் கையில் பிடிக்கும் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால், பிறக்கும்போதே கொடுத்த இரண்டாவது கண்ணாடி ஒன்று இருக்கிறது. கண்புரை ஆபரேஷன் என்பது அந்த இரண்டாவது கண்ணாடியைக் கழற்றி எடுப்பது.

கழற்றி எடுக்கிற வரலாறு மிகப் பழையது. மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் வெள்ளீஸ்வரர் கோயில் இருக்கிறது. வாமன அவதாரத்தில் ஒரு கண்ணை இழந்த சுக்கிரன் இங்கே வழிபட்டுப் பார்வை பெற்றதாகத் தலபுராணம். கண் கோளாறு உள்ளவர்கள் இன்றும் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். புராணத்தை விட்டு வைத்தியத்துக்கு வந்தால், சுசுருத சம்ஹிதையில் புரைக்கு ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. மங்கிய லென்ஸை வெளியே எடுக்காமல், ஊசியை விட்டுப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடுவது. ஊர் ஊராகப் போய் இதைச் செய்த வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தென்னாட்டில் இருந்தார்கள். தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. 1832-இல் அவர் இறந்தார் என்பதைக் கணக்கில் வைத்தால் அவை எவ்வளவு முந்தியவை என்று புரியும்.

மெட்ராஸில் கண் ஆஸ்பத்திரி வந்தது 1819-இல். லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்குப் பிறகு உலகத்திலேயே பழைய கண் ஆஸ்பத்திரி என்று இதைச் சொல்வார்கள். இன்று நமக்கு 'எழும்பூர் கண் ஆஸ்பத்திரி' என்றுதான் பழக்கம். ஆனால் அது தொடங்கிய இடம் ராயப்பேட்டை. எழும்பூருக்குப் போனது 1884-இல்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சூப்பரிண்டெண்டாக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். ஊசியால் தள்ளிவிடும் முறையைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதியவர். அந்த வைத்தியர்களிடம் போய்க் கண் கெட்டுப்போய் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதியது. (பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அது வேறு எலியட், எட்வர்ட் எலியட். நம்ம கண் டாக்டர் எலியட்டோ இங்கிலாந்து திரும்பிய பிறகு, இந்தியாவின் 'கயிறு வித்தை' உண்மையா பொய்யா என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார். அது தனிப் பதிவுக்கான கதை.)

எலியட் மெட்ராஸில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டிருந்த அதே வருடங்களில், ஐரோப்பாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, ஸ்வீடனில் ஆஸ்கர் செல்பெர்க் 1904-இல் மேல்பூச்சு போட்ட வெல்டிங் ராடைக் கண்டுபிடித்தார். கார்பன் குச்சியை வைத்து ஆர்க் பிடிக்கும் முறையை ரஷ்யாவின் பெனார்டோஸ் 1880-களிலேயே செய்துகாட்டியிருந்தார். ஆனால் இன்று நம் தெருவோரப் பட்டறையில் எரிகிற ராடின் நேர்ப் பாட்டன் செல்பெர்க்கின் ராடுதான். இரண்டாவது, லண்டனில் வில்லியம் க்ரூக்ஸ், கண்ணாடி உலைத் தொழிலாளிகளுக்கு ஏன் இவ்வளவு புரை வருகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு முந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் செய்து பார்த்தார். சீரியம் சேர்த்தால் புற ஊதா நிற்கிறது, இரும்பு சேர்த்தால் வெப்பக் கதிர் நிற்கிறது என்று கண்டு 1913-இல் ராயல் சொசைட்டியில் அறிக்கை கொடுத்தார். இன்றைய வெல்டிங் கண்ணாடியின் பச்சைச் சாயத்துக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் நெருங்கிய உறவு உண்டு. நம்ம ஊர் கண்ணாடிக் கடைகளில் வெகுகாலம் புழங்கிய 'க்ரூக்ஸ்' கலர் கண்ணாடி இவர் பெயர்தான். புரைக்காகப் பிறந்த கண்ணாடி வெல்டருக்கு வந்து சேர்ந்தது என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

மெட்ராஸில் வெல்டிங் ஒரு பெருந்தொழிலாக ஆனதற்கு ஒரு தேதி சொல்லலாம் என்றால் நான் 1955 அக்டோபர் 2-ஐச் சொல்வேன். அன்றுதான் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில், முழுக்க முழுக்க வெல்டிங் செய்த எஃகு ரயில் பெட்டிகள். ரிவெட் அடிக்கிற காலம் போய், நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் ஆர்க் பிடிக்கப் பழகினார்கள். மூன்று வருடம் கழித்து 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை. அப்புறம் ஈக்காட்டுத்தாங்கல், அங்கிருந்து தெருத்தெருவாகக் கிரில் பட்டறை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1955-இல் 25 வயதில் ராடு பிடித்தவருக்கு 1990-இல் 60 வயது. புரை வருகிற வயது. (வெல்டிங் பண்ணினதால்தான் புரை வந்தது என்று ஒரே போடாகப் போட முடியாது. வயது, சர்க்கரை, வெயில் எல்லாம் சேர்ந்துதான்.) தொழிற்சாலையில் இருந்தவருக்கு 58-இல் ரிட்டயர்மெண்ட் வந்துவிடும். புரை வரும்போது அவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பட்டறைக்காரருக்கு அப்படி இல்லை. கை ஓடுகிறவரை ஓட்ட வேண்டும். அந்தத் தலைமுறைப் பட்டறைக்காரர் 1980-களில் ஆபரேஷன் செய்துகொண்டால் அவருக்குக் கிடைத்தது என்ன? சோடாபுட்டி கண்ணாடி.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கண்ணாடியை நினைவிருக்கும். அப்போதைய ஆபரேஷனில் லென்ஸை அதன் உறையோடு முழுசாக எடுத்துவிடுவார்கள். பெரிய கீறல், தையல், தலையை அசைக்கக்கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை. எடுத்த லென்ஸுக்குப் பதிலாக மூக்கின் மேல் பத்து டையாப்டர் கண்ணாடி. தாத்தாவின் கண் பெரிதாக, மீன் கண் மாதிரித் தெரியுமே, அதேதான். அதைப் போட்டால் உலகம் கால்வாசிக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தால் இரண்டு கண்ணின் படமும் ஒன்றோடொன்று சேராது. ஓரங்களில் வளையமாக ஒரு குருட்டுப் பகுதி. அதற்குள்ளிருந்து சைக்கிளும் ஆளும் திடீரென்று குதிப்பார்கள். இப்படி ஒரு கண்ணோடு மூணு மி.மீ. ராடின் நுனியைக் குறிபார்த்து, ஒரு கையில் ஷீல்டு பிடித்து, ஆர்க் தட்டி, குழம்பாக உருகும் உலோகத்தை இழுத்துக்கொண்டு போக முடியுமா? ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு ஆபத்தும் கூடவே வந்தது. வடிகட்டி போய்விட்டது. லென்ஸ் இல்லாத கண்ணுக்குப் புற ஊதாவின் ஒரு பகுதி வெளிர் நீலமாகத் தெரியவே செய்யும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-இல் புரை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு, எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறது என்று அவதிப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஓவியருக்கு அது நிறச் சிக்கல். வெல்டருக்கு விழித்திரைச் சிக்கல். ஆக, 1965-இல் "மறுபடி வெல்டிங் பிடிக்கலாமா" என்று கேட்டிருந்தால், "வேற வேலை பாருப்பா" என்பதுதான் நியாயமான பதில்.

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானி ஒருவரின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் பாய்ந்தன. பெர்ஸ்பெக்ஸோ சும்மா கிடந்தது. அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான ஹரால்ட் ரிட்லி, அதே பொருளில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஒருவர் கண்ணில் வைத்தார்.

பக்கத்துப் பட்டறைக்காரரின் பயத்தை இங்கேயே முடித்துவிடலாம். பெர்ஸ்பெக்ஸ் இளகவே நூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். கண்ணுக்குள் அவ்வளவு சூடு ஏறினால் லென்ஸைப் பற்றிக் கவலைப்படக் கண்ணே இருக்காது. இதே மாதிரி ஒரு வதந்தி, வெல்டிங் ஆர்க் பட்டுக் காண்டாக்ட் லென்ஸ் கருவிழியோடு ஒட்டிக்கொண்டது என்று, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வருடக்கணக்காகச் சுற்றியது. கண் டாக்டர்கள் மறுத்து மறுத்து ஓய்ந்து போனார்கள். ஆக, மந்தைவெளிக்கு மட்டுமான பயம் இல்லை இது.

ரிட்லி கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயங்கள். பெர்ஸ்பெக்ஸ் வெளிச்சத்தை விடுகிற மாதிரியே புற ஊதாவின் பெரும்பகுதியையும் விட்டுவிடும். அதாவது லென்ஸ் திரும்பி வந்தது, வடிகட்டி திரும்பி வரவில்லை. இதை அளந்து, தீவிர வெளிச்சத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து என்று மார்ட்டின் மெயின்ஸ்டர் என்ற அமெரிக்க டாக்டர் 1978-இல் எழுதினார். 1980-களில்தான் புற ஊதாவை உறிஞ்சும் பொருளை லென்ஸுக்குள்ளேயே கலக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அது சாதாரணம். சில லென்ஸ்களில் நீல ஒளியையும் கொஞ்சம் தடுக்க மஞ்சள் சாயம் சேர்க்கிறார்கள். அது அவசியமா என்று டாக்டர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். வெல்டருக்கு நீல ஒளியைத் தடுக்கக் கையில் ஷீல்டு இருக்கிறது.

இரண்டாவது விஷயம், ரிட்லியின் முதல் நோயாளிக்கு ஆபரேஷன் முடிந்து பார்த்தால் பதினெட்டு டையாப்டருக்குக் குறையாத கிட்டப்பார்வை. லென்ஸின் சக்தியைக் கணக்குப் போட்டது தப்பு. ஐந்தாறு சென்டிமீட்டருக்கு அந்தப் பக்கம் எல்லாம் மங்கல். ஆபரேஷன் வெற்றி, எண் தோல்வி. அங்கிருந்து தொடங்கியது லென்ஸ் சக்தியைக் கணக்கிடும் கலை. மந்தைவெளிக் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

அதற்கு முன் லென்ஸ் நம் ஊருக்கு வந்த கதை. 1957-இல் ஜெய்வீர் அகர்வால் தம்பதி மெட்ராஸில் தொடங்கிய கண் ஆஸ்பத்திரி (கதீட்ரல் சாலையில் கண் வடிவத்திலேயே கட்டடம் கட்டினார்களே, அதுதான்), 1978-இல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா, இவையெல்லாம் புதிய முறைகளை இங்கே கொண்டுவந்தன. ஆனால் வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலரை ஒட்டி இருந்தவரை அது காசுள்ளவர் கண்ணுக்கு மட்டும்தான். கேம்ப்பில் ஆபரேஷன் செய்துகொண்ட ஏழைக்குச் சோடாபுட்டியேதான். மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1992-இல் ஆரோலேப் என்று சொந்தமாக லென்ஸ் தொழிற்சாலை தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு விலையை இறக்கியபோது நிலைமை மாறியது. 1994-இல் உலக வங்கிக் கடனோடு வந்த கண்புரைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1955-இன் இளைஞர் அறுபதைத் தாண்டிச் சில வருடம் ஆன பிறகுதான் இலவச கேம்ப்புக்கே லென்ஸ் வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் சாஃப்ட்வேர் ஆள், இந்த இடத்தில் கொஞ்சம் உற்சாகமாகிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், க்ராஃப் என்ற மூன்று அமெரிக்க டாக்டர்கள் 1980 வாக்கில் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். லென்ஸுக்கென்று ஒரு மாறிலி, அதிலிருந்து கண்ணின் நீளத்தை 2.5 மடங்காகவும் கருவிழியின் வளைவுச் சக்தியை 0.9 மடங்காகவும் கழி. அவ்வளவுதான். மாறிலி 118.4, கண்ணின் நீளம் 23.5 மி.மீ., வளைவு 44 டையாப்டர் என்று வைத்தால், 118.4-இலிருந்து 58.75-ஐயும் 39.6-ஐயும் கழிக்க 20.05. இருபது டையாப்டர் லென்ஸை எடுத்து வை. இன்றைய சூத்திரங்கள் இதைவிடச் சிக்கலானவை, ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

இதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எண் ஒளிந்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு எந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்? சூத்திரம் அதை 'ரொம்ப தூரம்' என்று தானாகவே எடுத்துக்கொள்கிறது. ப்ரோக்ராமில் யாரும் மதிப்புக் கொடுக்காவிட்டால் தானாக உட்கார்ந்துகொள்ளும் பூஜ்யம் மாதிரி. பெரும்பாலான ஆட்களுக்கு அது சரியான பூஜ்யம்தான். ரோடு தெரிய வேண்டும், டிவி தெரிய வேண்டும், பேரப்பிள்ளை முகம் தெரிய வேண்டும். படிக்கத் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் வெல்டரின் உலகம் நாற்பது ஐம்பது சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. ஐம்பது சென்டிமீட்டரில் தெளிவு வேண்டுமென்றால் அதே கண்ணில் 20-க்குப் பதில் சுமார் 23 டையாப்டர் லென்ஸ் வைக்க வேண்டும். வைக்கலாம், சட்டம் எதுவும் தடுக்கவில்லை. டாக்டர் கேட்டால், அல்லது வெல்டர் சொன்னால். கேம்ப் வரிசையில் நூறு பேர் நிற்கும்போது இரண்டுமே நடக்காது.

"முன்னாடி கிட்டத்துல நல்லாத்தான் தெரிஞ்சுது" என்றாரே, அதுவும் பொய்யில்லை. புரையில் ஒரு வகை லென்ஸின் நடுப்பகுதியைக் கெட்டியாக்கும். கெட்டியானால் லென்ஸின் சக்தி ஏறும், கிட்டப்பார்வை வரும். எழுபது வயதுப் பாட்டி திடீரென்று "கண்ணாடி இல்லாமலே ஊசியில நூல் கோக்கறேன்டி" என்று பெருமைப்பட்டால், பார்வை திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை, புரை வளர்கிறது என்று அர்த்தம். வெல்டருக்கு இது கொஞ்ச காலம் வரமாகவே இருக்கும். தூரம் மங்கினாலும் ராடு முனை கண்ணாடி இல்லாமலே தெரியும். வெளிச்சம் போதாமல் போகும்போது 11-ஆம் நம்பர் கருப்புக் கண்ணாடியை 10 ஆக்கிக்கொள்வார், அப்புறம் 9. ஆபரேஷன் செய்ததும் அந்தத் தற்காலிக வரம் போய்விடுகிறது. தூரம் கிடைத்து, கிட்டம் போகிறது. ஆபரேஷன் கெட்டுப்போகவில்லை. அவர் கண்ணுக்கு இப்போது வேறு தூரம், அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லா வெல்டருக்கும் கிட்டத்து லென்ஸே வைத்துவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடையாறில் ஆறாவது மாடியில் சாரம் ஏறி வேலை பார்க்கிறவருக்குத் தூரப் பார்வைதான் உயிர். வண்டி ஓட்டுகிறவருக்கும் அப்படியே. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் வழி ஒன்று உண்டு. சிலருக்கு ஒத்துக்கொள்கிறது, ஆனால் ஆழத்தைக் கணிக்கும் திறன் கொஞ்சம் குறையும். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே மூன்று மி.மீ. இடைவெளியை நாள் முழுக்கக் காப்பாற்றுகிறவர் இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

தூர லென்ஸ் வைத்தாகிவிட்டது என்றால் வழியில்லாமல் இல்லை. மந்தைவெளிக்காரரிடம் நான் சொன்னதும் இவைதான். முதலில், வாசிக்கும் கண்ணாடியைத் தலையில் அடித்துக் கொள்ளாதீர்கள். இரண்டு பகுதிக் கண்ணாடியில் கிட்டப் பகுதி கீழே இருக்கும், தலைக்கு மேலே வெல்டிங் பிடிக்கும்போது கழுத்துதான் உடையும். வேலைத் தூரத்துக்கென்று முழுக் கண்ணாடியும் ஒரே பவரில் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். அதைப் பாலிகார்பனேட்டில் போட்டால் இரட்டை லாபம். அந்தப் பிளாஸ்டிக் புற ஊதாவை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும், கிரைண்டிங் பொறியும் கண்ணில் பாயாது. பக்கத்தில் வேறு ஆள் தட்டும் ஆர்க் பக்கவாட்டில் வந்து அடிப்பதற்கும் ஓரளவு காப்பு. கருப்புக் கண்ணாடிக்கு அது மாற்று இல்லை, கூடுதல். கண்ணாடியே பிடிக்காது என்பவருக்கு, தலையில் மாட்டும் ஹெல்மெட்டுக்குள் செருகும் இரண்டு அங்குலத்துக்கு நாலேகால் அங்குலப் பூதக்கண்ணாடித் தகடு கிடைக்கிறது.

அடுத்து, கருப்புக் கண்ணாடியின் நம்பர். ஒவ்வொரு நம்பர் ஏறும்போதும் வெளிச்சம் இரண்டரை மடங்குக்கு மேல் குறையும். 10-ஆம் நம்பர் ஏழாயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை விடும், 11 பத்தொன்பதாயிரத்தில் ஒரு பங்கு. புரைக் கண்ணுக்காக 9-க்கு இறங்கியவர், ஆபரேஷனுக்குப் பிறகு அதே 9-ஐப் பிடித்தால் கண் கூசும். பழைய மஞ்சள் லென்ஸ் தடுத்துக்கொண்டிருந்த வெளிச்சம் இப்போது முழுசாக உள்ளே போகிறது. நம்பரைத் திரும்ப ஏற்றியாக வேண்டும். 160 ஆம்பியர் வரை 10, அதற்கு மேல் 250 வரை 12 என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. சரியான வெல்டிங் கண்ணாடி புற ஊதாவையும் வெப்பக் கதிரையும் தானே தடுத்துவிடும். உள்ளே இருக்கும் லென்ஸ் எந்த வகை என்பது அப்போது அவ்வளவு முக்கியமில்லை. ஸ்வீடனில் 1981-இல் வந்த, ஆர்க் தட்டியதும் தானாகக் கருப்பாகும் ஹெல்மெட் இன்று ரிச்சி தெருவில்கூடக் கிடைக்கிறது. நல்ல தயாரிப்பாக இருந்தால் கருப்பாகாத நேரத்திலும் அதன் புற ஊதாத் தடுப்பு வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஷீல்டே இல்லாமல், டேக் அடிக்கிற ஒரு நொடிக்குக் கண்ணை இறுக மூடிக்கொள்கிற பழக்கம் இருக்கிறதே, ஆபத்து அங்கேதான். எல்லாப் பட்டறையிலும் பார்க்கிறேன். மூடுவதற்குள் ஆர்க் வந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்து ஓடும் முதல் சில வாரம் தூசியும் புகையும் கிரைண்டரும் வேண்டாம். திரும்ப எப்போது என்பதை ஆபரேஷன் செய்தவரே சொல்ல வேண்டும். மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி மங்கி, ஆர்க்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், லென்ஸைத் தாங்கும் உறை மங்கியிருக்கலாம். அதை லேசரில் சில நிமிடத்தில் திறந்துவிடுகிறார்கள்.

அவருக்கு இடது கண் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்காக ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். வழக்கமாக வேலை செய்யும் நிலையில் உட்கார்ந்து, ஷீல்டைப் பிடித்து, ராடைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பையனை விட்டுக் கண்ணிலிருந்து ராடு நுனி வரை இன்ச் டேப்பில் அளக்கச் சொல்ல வேண்டும். சென்டிமீட்டரில் வரும் எண்ணால் நூறை வகுத்தால் டையாப்டர். நாற்பது வந்தால் இரண்டரை, ஐம்பது வந்தால் இரண்டு. அந்தச் சீட்டோடு, இடது கண்ணுக்கு லென்ஸ் அளவெடுக்கும் நாளில் டாக்டரிடம் போய், தான் வெல்டர் என்று சொல்லி அதை நீட்ட வேண்டும்.